ஒரே எண்ணில் இரண்டு கோப்புகள்

முத்திரை வைக்கும்போது அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, அதை மறுபடியும் மேஜைக்கு அடியில் சேர்த்துவிடுவாள், திரும்ப உட்காரும் எண்ணமே வரக்கூடாது என்பதுபோல. இரண்டு கைகளையும் துண்டில் துடைத்துக்கொள்வாள். கைகள் ஈரமாக இருந்ததே இல்லை, ஆனாலும் துடைப்பாள். பிறகு ஆள்காட்டி விரலால் மேஜைமேல் மூன்று தட்டு. தட்டுக்கு ஓர் எண்ணாக வாய்விட்டுச் சொல்வாள். "ஐந்து. இரண்டு. மூன்று." அதற்கப்புறம் குனிந்து, அந்த ஒரே விரலால், தேடித் தேடிக் கடவுச்சொல்லை அடிப்பாள். மற்ற நாளெல்லாம் பத்து விரலும் மழைபோலப் பெய்யும் கை அது.

"எல்லாரும் எழுந்து நில்லுங்க, அக்கா எண் வைக்கப்போறாங்க" என்று தம்பி கிண்டலடிப்பான். அவள் சிரிக்கமாட்டாள். அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் அவளிடம் சிரிப்பு செல்லாது.

தொழிலால் அவள் வெப்பமானி சரிபார்ப்பவள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் அந்தச் சோதனைக்கூடம். ஜன்னலே இல்லாத அறை. நடுவில் குளிர்ந்த நீர்த்தொட்டி. தொட்டிக்குள் ஊரிலுள்ள மருந்துக்கடை, குளிர்சாதனக் கிடங்கு எல்லாவற்றிலிருந்தும் வந்த வெப்பமானிகள் தலைகீழாகத் தொங்கும். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்று மட்டும் மூலக் கருவி. அது சொன்னால் சொன்னதுதான். மற்றவை அதைவிட எவ்வளவு கூடக்குறையச் சொல்கின்றன என்று எழுதி, சீட்டு ஒட்டி, திருப்பி அனுப்புவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே தொட்டி, அதே குளிர். கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரே பெண் என்று தெருவில் அவளுக்குப் பெயர்.

அந்தக் கருவிகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குளிரைப் பதிந்து வைக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் பதிவு ஒவ்வொரு தினுசு. எல்லாவற்றையும் ஒரே மாதிரி படித்து, "இத்தனை நிமிஷம் அளவுக்கு மேல் சூடு ஏறியது" என்று கூட்டிச் சொல்ல, தன் வேலைக்காக அவள் சின்னதாக ஒரு நிரல் எழுதினாள். அது நன்றாக இருக்கிறதென்று யாரோ கேட்க, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திறந்து பார்க்கட்டும் என்று இணையத்தில் வைத்தாள். மற்றவர்கள் தங்கள் மென்பொருளுக்குள் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். லைப்ரரி என்பார்கள் அந்தத் தொழிலில். பன்னிரண்டு வருஷத்தில், அவள் பார்த்தே இராத ஊர்களின் மருந்துக் கிடங்குகளெல்லாம் அவளுடைய கூட்டலை நம்பிக் கதவைத் திறந்து மூடின.

அதனால்தான் எண். பழைய பழக்கம் ஏதாவது உடைகிறதென்றால் முதல் எண் கூடும். புதிதாக ஒன்று சேர்ந்தால் நடு எண். ஓட்டை அடைத்தால் மட்டும் கடைசி எண். நிலையான வெளியீடு என்று பெயர் வைத்து ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அதற்குள் ஒரு புள்ளியைக்கூடத் தொடக்கூடாது. தப்பு தெரிந்தால் அடுத்த எண். தளத்தின் முகப்பில் இதை ஒரே வாக்கியமாக எழுதிவைத்திருந்தாள்: "நாங்கள் வெளியிட்ட எண்ணுக்குள் இருப்பது மாறாது." அந்த வாக்கியம்தான் அவள் சொத்து. வேறு எதையும் அவள் அப்படிப் பெருமையாகக் காட்டியதில்லை.

வெளியிடுவதற்கு முன்னால் பதினாலு நாள் ஊறப்போடுவாள். எல்லாம் தயார் என்ற பிறகு பதினாலு நாள் யாரும் கை வைக்கக்கூடாது. பதின்மூன்றாம் நாள் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. பயன்படுத்துகிறவர்கள் அவளுக்குப் 'பதினாலு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தெரிந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பள்ளி வேன் ஓட்டும் கணவன் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு, "என்ன பதினாலு, சாப்பாடு இன்னிக்கே வெளியாகுமா, இல்ல ரெண்டு வாரம் ஆகுமா?" என்று தட்டை வைத்துக்கொண்டு கேட்பான்.

தம்பி வந்து சேர்ந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். அவளைவிட ஒன்பது வயது சின்னவன். படிப்பே அதுதான், மென்பொருள் கம்பெனியில் வேலை. அவள் ஒரு வாரம் யோசித்து எழுதுவதை ஒரு மத்தியானத்தில் எழுதிவிடுவான். தளத்தைப் புதிதாக அமைத்து, அதில் கோப்புகளை ஏற்றவும் மாற்றவும் உதவும் சாவியைத் தானே வைத்துக்கொண்டான். இரட்டை முத்திரையும் அவன் யோசனைதான். ஒவ்வொரு வெளியீட்டுக் கோப்பின்மேலும் அக்கா முத்திரை ஒன்று, தம்பி முத்திரை ஒன்று. அவரவர் கணினியிலிருந்து, அவரவர் கடவுச்சொல்லில். முத்திரை விழுந்த பிறகு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை உடைந்துபோகும். சந்தேகப்படுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். இந்த ஆறு வருஷத்தில் சோதித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையில் அவள் வரமாட்டாள். தன் வீட்டுப் பூட்டைத் தினமும் இழுத்துப் பார்ப்பவள்தான் அவள். இதை மட்டும் இழுத்துப் பார்த்ததில்லை.

அந்த 5.2.3 ஒரு புதன்கிழமை காலை எட்டு மணி வாக்கில் வெளியானது. கருவி சில நேரம் பதிவு செய்யாமல் விட்டுவிடும், பேட்டரி மாற்றும்போது. அந்த இடைவெளியை ஒழுங்காகக் கையாள ஒரு சின்னத் திருத்தம். எழுதியது தம்பி; பதினாலு நாள் சோதித்தது அக்கா. எழுந்து நின்றாள், துடைத்தாள், தட்டினாள், முத்திரை வைத்தாள். கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒன்றரை மாதம் கழித்துத் தளத்தின் பொதுப் பலகையில் ஒரு கடிதம் வந்தது. பயன்படுத்துகிறவர்கள் கேள்வி, புகார் எல்லாம் எல்லோரும் பார்க்கும்படி எழுதும் இடம் அது. எழுதியவள் எங்கோ ஒரு மருந்துக் குளிர்கிடங்கின் பொறுப்பாளர். நீளமான, மரியாதையான கடிதம். என் கிடங்கில் உங்கள் 5.2.3 ஒரு நாள் எழுபது நிமிஷம் சூடு ஏறியதாகச் சொன்னது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அழித்துவிட வேண்டும் என்பது விதி. நாற்பது பெட்டி மருந்தை அழித்துவிட்டேன். தலைமை அலுவலகத்தில் அதே பதிவை, அதே 5.2.3-இல் போட்டுப் பார்த்தார்கள். சூடே ஏறவில்லை, பூஜ்யம் என்று வருகிறது. நான் பெட்டிகளை வெளியே விற்றுவிட்டு, அதை மறைக்கக் கணக்கை மாற்றி எழுதினேன் என்கிறார்கள். ஒரே எண்ணில் இரண்டு விடை வர வாய்ப்பு உண்டா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அக்கா இரண்டு சாயங்காலம் அதிலேயே உட்கார்ந்தாள். அந்தப் பதிவை வாங்கிப் பார்த்தாள். நடுவில் எழுபது நிமிஷம் வெற்றாக இருந்தது, பேட்டரி மாற்றிய நேரம். தளத்திலிருந்து 5.2.3-ஐப் புதிதாக இறக்கி அதில் போட்டாள். பூஜ்யம். கணவனின் கணினியில் போட்டாள். பூஜ்யம். சோதனைக்கூடத்தில் போட்டாள். பூஜ்யம்.

பதில் எழுதும் அன்று தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பாட்டு மேஜையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் பொதுவில் எழுத வேண்டுமா, நான் தனியாகப் பேசி முடித்துவிடுகிறேனே என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தான். பொதுவில் கேட்டார்கள், பொதுவில்தான் சொல்ல வேண்டும் என்றாள் அவள். கேட்டிருப்பது லைப்ரரியைப் பற்றி இல்லை, நம் வாக்கைப் பற்றி என்றும் சொன்னாள். அவள் எழுதியது இதுதான்:

"எங்கள் வெளியீட்டில் ஒரே எண்ணுக்கு இரண்டு விடை வராது. வந்ததென்றால், அங்கே இருக்கும் கோப்பு எங்களுடையது அல்ல. யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள்."

'அல்ல'வில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. தம்பிதான் கையை நீட்டித் திருத்தினான். அவள் அனுப்பினாள்.

பதினோரு நாள் அந்தப் பெண்ணிடமிருந்து சத்தமே இல்லை. பலகையில் மற்றவர்கள்தான் ஆடினார்கள். ஒருவன், பெட்டி தூக்கிப் போகிறவர்களுக்கு இப்போது கணினியும் தெரிந்துவிட்டது என்று எழுதினான். இன்னொருவன் சிரிப்புப் பொம்மை போட்டான். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. தன் பக்கம் நியாயம் இருக்கும்போது, தன்னோடு நிற்கிறவர்களின் வாயைக் கழுவிக்கொண்டிருக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. தனி அஞ்சலில், நான்கே வரி. உங்கள் பதிலை அச்செடுத்து என்மேலான விசாரணைக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். நேற்று என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். என் கிடங்குக் கணினியில் இருந்த 5.2.3-ஐ அப்படியே இணைத்திருக்கிறேன். முடிந்தால் பாருங்கள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். சோதனைக்கூடத்து அறையில் தொட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அவள் கோப்பை இறக்கி, முத்திரையைச் சோதிக்கும் கட்டளையை அடித்தாள். மாற்றப்பட்ட கோப்பு என்றால் முத்திரை உடைந்திருக்கும். அதைக் காட்டி, மென்மையாக ஒரு பதில் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

உடையவில்லை. இரண்டு முத்திரையும் சரி. தம்பியுடையது ஒன்று. இன்னொன்று அவளுடையது. புதன்கிழமை, காலை எட்டு மணி மூன்று நிமிஷம்.

கோப்பைத் திறந்து அந்தப் பெண்ணின் பதிவைப் போட்டாள். எழுபது நிமிஷம்.

அப்போது செய்தாள், ஆறு வருஷத்தில் செய்யாததை. தங்கள் சொந்தத் தளத்திலிருக்கும் கோப்பின் முத்திரையைச் சோதித்தாள். திரையில் ஒரு வரிதான் வந்தது. தம்பியின் முத்திரை, சரி. அதே புதன்கிழமை, மதியம் இரண்டு நாற்பது. அவளுடைய முத்திரை அதில் இல்லவே இல்லை. ஊரெல்லாம் ஒன்றரை மாதமாக எடுத்துக்கொண்டிருக்கும் 5.2.3, அவள் பார்த்தே இராத 5.2.3.

மூலக் கருவியை யாரோ கழற்றிவிட்டு அதே மாதிரி வேறொன்றைத் தொங்கவிட்டிருந்தால், அது தெரியாமல் ஒன்றரை மாதம் மற்ற எல்லாவற்றுக்கும் தப்புச் சீட்டு ஒட்டியிருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. தான் ஒட்டிய சீட்டு ஒரு பெண்ணின் நெற்றியில் இருக்கிறது.

அன்றைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். கதவைத் திறந்தவன் காதில் ஒலிக்கருவி தொங்கியது. அவள் கையிலிருந்த கம்பளிச் சட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். எதற்காக வந்திருக்கிறாள் என்று கேட்கவில்லை. ஒலிக்கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

அவனே சொல்ல ஆரம்பித்தான். அன்று மத்தியானம்தான் தப்பைக் கண்டுபிடித்தானாம். அரை மணிக்கு மேற்பட்ட இடைவெளியை அவனுடைய திருத்தம் சூடு என்று கூட்டிக்கொண்டது. அக்காவின் சோதனைப் பதிவுகளில் அவ்வளவு நீளமான இடைவெளி ஒன்றும் இல்லாததால் அவள் கண்ணில் படவில்லை. நிரலில் ஒரே ஒரு குறியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

"சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? அஞ்சு ரெண்டு நாலு, மறுபடியும் பதினாலு நாள். பதினாலு நாளும் தப்புக் கணக்கோடவே ஜனங்க இருக்கட்டும்னு விடச் சொல்றியா? ஆறு மணி நேரத்துல எத்தன பேர் எடுத்திருந்தாங்கன்னு பார்த்தேன்கா. பதினோரு பேர். அதுல பாதி சும்மா எடுத்துப் பார்க்கறவங்க."

"அந்தப் பதினோரு பேருக்கு எழுதினியா?"

"இல்லக்கா."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பதினாலு நாள் என்பது கல்லில் செதுக்கியது இல்லை. வந்து கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே 5.2.4-க்கு எழுந்து நின்றிருப்பாள். அவளிடம் கேட்பதைவிட எல்லோரையும் ஏமாற்றுவது அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அப்படி என்ன பயம் காட்டிவிட்டோம் என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் அந்த யோசனையை ஒதுக்கினாள். இப்போது அதற்கு நேரமில்லை.

"அதை விடு" என்றாள். "நான் பதில் எழுதும்போது பக்கத்துல உக்காந்திருந்தியே. யாரோ மாத்தியிருக்காங்கன்னு நான் அடிக்கிறேன், நீ எழுத்துப்பிழை திருத்தினே."

"சொல்லிடலாம்னுதான் அன்னிக்கு வந்தேன்."

"வந்து?"

"நீ அவ்ளோ உறுதியா எழுதிட்டிருந்தே."

பிறகு அவன் கெஞ்சினான். கம்பெனியில் அவனுக்குப் பெரிய பொறுப்பு ஒன்று கொடுக்கப்போகிறார்கள். இந்த லைப்ரரியை அவன் ஆறு வருஷம் பார்த்துக்கொண்டதுதான் அதற்குக் காரணம். இது வெளியே வந்தால் தொலைந்தான். கிடங்குக்காரியின் மேலதிகாரிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாம், 'தொழில்நுட்பக் கோளாறு' என்று பொதுவாக. அவளுக்கும் வேலை திரும்பக் கிடைக்கும், நம் பெயரும் கெடாது. "ரெண்டு பேரும் பிழைச்சுக்கலாம்கா" என்றான்.

அவள் கம்பளிச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "தளத்துச் சாவியைக் குடு" என்று மட்டும் சொன்னாள். கொடுத்தான். படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிடுவான் என்று எதிர்பார்த்தாள். கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது, மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். பிறகு, நான் வேனில் ஒரு பிள்ளையைத் தப்பான தெருவில் இறக்கிவிட்டால், முதலில் பிள்ளையைத் தேடுவேனா, என் மச்சினன் மானத்தைத் தேடுவேனா என்று கேட்டான். அவள் எழுந்து கணினிக்கு முன்னால் போனாள்.

பொதுப் பலகையில், தன்னுடைய பழைய பதிலுக்கு நேர் கீழே, எழுதினாள். 5.2.3 என்ற எண்ணில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. காலையில் வெளியிட்டதை மதியம் எங்களில் ஒருவர் சொல்லாமல் மாற்றினார். கிடங்குப் பொறுப்பாளரிடம் இருப்பது நாங்கள் இருவரும் முத்திரை வைத்த உண்மையான கோப்பு. எழுபது நிமிஷம் என்ற தப்பு எங்களுடையது, அவருடையது அல்ல. அவர் எதையும் மாற்றவில்லை. அவர்மேல் நான் சொன்ன பழியை, சொன்ன இதே இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். 5.2.3-ஐ யாரும் பயன்படுத்த வேண்டாம்.

இதையே தலைமை அலுவலகத்துக்கும் எழுதி, இரண்டு கோப்புகளையும் இணைத்து, கையெழுத்திட்டு அனுப்பினாள். பிறகு முகப்புக்குப் போய் அந்த வாக்கியத்தை எடுத்தாள். எடுத்த இடம் வெள்ளையாக இருந்தது. அங்கே வேறு எதையாவது எழுதலாமென்று பார்த்தாள், கை வரவில்லை. பதினாலு நாள் கழித்து 5.2.4 வெளியானது, ஒற்றை முத்திரையோடு. ஒற்றைதான் என்று அதிலேயே சொல்லியிருந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. பெரிய மருத்துவ மென்பொருள் இரண்டு அவளுடைய லைப்ரரியைக் கழற்றிவிட்டன. ஒன்று நன்றி சொல்லிவிட்டுக் கழற்றியது, இன்னொன்று அதுகூடச் சொல்லவில்லை. சிரிப்புப் பொம்மை போட்டவன் இப்போது, இந்த வீட்டுப் பஞ்சாயத்தை நம்பியா மருந்து வைத்தோம் என்று எழுதினான். தம்பி குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினான். ஒரு வீட்டு விசேஷத்தில் இரண்டு பேரும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தி, கம்ப்யூட்டர்ல ஏதோ எண்ணு தப்பாப்போச்சுன்னா கூடப்பிறந்தவனைத் தூக்கிப் போட்டுடுவாளா என்று அவள் காதுபடவே சொன்னாள்.

கிடங்குக்காரியை ஏழு வாரம் கழித்து வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அதே கிடங்கில் இல்லை. ரசீது ஒட்டும் பிரிவில். கிடங்குச் சாவி இனி அவள் கையில் இல்லை. மன்னிப்பு என்று யாரும் எழுதித் தரவில்லை.

மறு வருஷம், ஒரு விடுமுறை நாள் காலையில், கிடங்குக்காரியே அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். இரண்டு பேரும் அதுவரை குரல் கேட்டுக்கொண்டதில்லை. "இப்ப உடம்பு எப்படி இருக்குங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். அக்காவுக்குப் புரியவில்லை. தனக்கு உடம்புக்கு ஒன்றும் வந்ததில்லையே என்றாள். மறுமுனையில் இருந்தவள், பழைய அஞ்சல் ஒன்றை அனுப்புகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தம்பி அவளுக்கு எழுதிய அஞ்சல் அது. தப்பு எங்கள் பக்கம்தான், எனக்குத் தெரியும்; ஆனால் அக்காவுக்கு இதயம் ரொம்ப மோசமாக இருக்கிறது, அதிர்ச்சி எதுவும் தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்; தயவுசெய்து பத்து நாள் பலகையில் எதுவும் எழுதாதீர்கள், இதை யாரிடமும் காட்டாதீர்கள், அதற்குள் நானே சரிசெய்துவிடுகிறேன். கீழே கிடங்குக்காரியின் பதில்: "அவங்க முதல்ல தேறட்டும். நான் பொறுத்துக்கறேன்."

அஞ்சல் போன நேரம் மேலே இருந்தது. யாரோ கோப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று அக்கா பலகையில் பதில் போட்ட அதே சாயங்காலம், பன்னிரண்டு நிமிஷம் கழித்து. தம்பி அப்போது அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை.